மூன்று முறை பூசியும் உரிந்த சுவர்: ஈரக்காற்றில் ஒரு பழைய வீட்டின் நிகழ்வு ஆய்வு

இந்த வீட்டின் முன்பாதி செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டியது. சுவர் ஒன்றரை அடி கனம், உயரமான கூரை, பெரிய மரச் சன்னல்கள். பின்பாதி ஒரு தலைமுறை கழித்துச் சேர்த்தது. அது முழுக்கச் சிமென்ட். கடைசியாக இரண்டு பாதிக்கும் ஒரே சமயத்தில்தான் பெயின்ட் அடித்தார்கள். ஒரே பெயின்டர், ஒரே பட்டி, ஒரே பிரைமர், ஒரே எமல்ஷன். மூன்று ஆண்டு கழித்தும் பின்பாதிச் சுவர் அடித்த அன்று இருந்தபடியே இருந்தது. முன்பாதியோ முதல் மழைக்காலம் முடிவதற்குள் இடுப்பளவு உயரத்துக்குப் பொரிந்தது. அடுத்த ஆண்டு தகடு தகடாகக் கழன்று விழுந்தது.

இப்படி உரிவது மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் போன தடவை வாங்கியதைவிட உயர்ந்த ரகப் பெயின்ட் வாங்கியிருக்கிறார்கள். “இந்தச் சுவருக்கு என்ன அடிச்சாலும் நிக்காதும்மா” என்று பெயின்டரே அந்த வீட்டு அம்மாவிடம் கைவிரித்துவிட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. பெயின்ட் மட்டமாக இருந்திருந்தால் பின்பாதியும் உரிந்திருக்க வேண்டுமே! வேலை சரியில்லை என்றாலும் அதேதான். ஆக, வித்தியாசம் டப்பாவிலும் இல்லை, கையிலும் இல்லை, சுவரில் இருக்கிறது. இந்த ஆய்வு அங்கிருந்துதான் தொடங்கியது.

உரிந்த செதிலின் பின்பக்கம்

பெயின்ட் உரிந்த வீட்டில் பலரும் பார்ப்பது உரிந்த இடத்தை. நான் முதலில் கேட்பது கீழே விழுந்த செதிலை. அதைத் திருப்பிப் பார்த்தால் எந்த அடுக்கில் பிடிப்பு விட்டது என்பது தெரிந்துவிடும்.

முன்பாதியின் வெவ்வேறு இடங்களில் எடுத்த செதில்கள் மூன்று வெவ்வேறு கதைகளைச் சொன்னன. கீழ்ச்சுவரில் விழுந்தது கனமான செதில். எமல்ஷன், பட்டி, அதற்குப் பின்னே ஒரு மெல்லிய சிமென்ட் பூச்சு எல்லாம் சேர்ந்தே பெயர்ந்திருந்தது. அதன் முதுகில் பஞ்சு போட்டதுபோல வெள்ளை நார்நாராக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளறையின் மேல்சுவரில் உரிந்தது காகிதம் மாதிரி மெல்லியது. முதுகைத் தடவினால் விரலில் வெளிர்நீலப் பொடி ஒட்டியது. படுக்கையறையில் உரிந்த செதில் வளைந்து பளபளப்பாக, முதுகு சுத்தமாக, தொட்டால் ஈரமாக இருந்தது.

வெளிர்நீலப் பொடி பழைய டிஸ்டெம்பர். எப்போதோ அடித்ததைச் சுரண்டாமல் அதன் மேலேயே எமல்ஷனை ஏற்றியிருக்கிறார்கள். காய்ந்த டிஸ்டெம்பர் வெறும் மாவுதான், அதில் பிடிமானம் கிடையாது. எமல்ஷன் காயும்போது சுருங்கி இழுக்கும். அந்த இழுப்புக்கே மாவு அடுக்கு விட்டுக்கொடுத்துவிடும். இதற்கு ஈரம்கூடத் தேவையில்லை. உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேய்த்துப் பார்த்திருந்தால் பெயின்ட் அடிக்கும் முன்பே இது தெரிந்திருக்கும். பழைய அடுக்குகளின் பிடிப்பைப் பார்க்க இன்னொரு வழியும் உண்டு. பிளேடால் பெருக்கல் குறிபோலக் கீறி, அதன் மேல் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுக்க வேண்டும். நாடாவோடு பெயின்டும் வந்துவிட்டால் அந்தச் சுவரின் மேல் எதுவும் நிற்காது.

வெள்ளை நார் என்ன என்று பார்க்கக் கொஞ்சம் சுரண்டி, ஒரு சிட்டிகையைச் சுத்தமான தண்ணீரில் போட்டோம். முழுதாகக் கரைந்தது. அது சுண்ணாம்புப் படிவாக இருந்திருந்தால் தண்ணீரில் கரையாது, வினிகர் விட்டால் நுரைத்துப் பொங்கும். இது கரைந்தது, பொங்கவில்லை. உப்பு.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

சுவரில் இருக்கும் ஈரம் உள்ளிருந்து வருகிறதா, காற்றிலிருந்து படிகிறதா என்று பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு கண்ணாடி பாலிதீன் தாளை எடுத்து, நான்கு ஓரத்தையும் நாடாவால் இறுக்கி ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். தாளின் சுவர்ப் பக்கம் துளி கட்டினால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் துளி கட்டினால் காற்றின் ஈரம் குளிர்ந்த பரப்பில் படிகிறது. கீழ்ச்சுவரில் எல்லாத் தாளும் சுவர்ப் பக்கம் நனைந்தது. மேல்சுவரில் எதுவும் நனையவில்லை.

ஈரமானியும் வைத்துப் பார்த்தோம். ஊசி வைத்த ஈரமானிகளில் பெரும்பாலானவை மரத்துக்கு அளவு வைத்தவை. உப்பு ஏறிய சுவரில் அவை உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். அதனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், ஒரே சுவரில் கீழும் மேலும் ஒப்பிட மட்டும் பயன்படுத்தினோம். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் வரை அளவு உச்சத்தில் இருந்தது. அதற்கு மேல் சட்டென்று இறங்கியது. நிலத்து நீர் செங்கல்லின் நுண்துளை வழியே ஏறும் ஓதம் இப்படித்தான் ஒரு கோட்டோடு நிற்கும். பொதுவாக அந்தக் கோடு ஒரு மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டருக்குள் அமையும்.

பழைய சுவர்கள் காலங்காலமாக ஓதம் ஏறியபடியேதான் நின்றன. சுண்ணாம்புக் காரையும் சுண்ணாம்பு வெள்ளையும் நீராவியைத் தடுப்பதில்லை. கீழிருந்து ஏறியது பக்கவாட்டில் காய்ந்து போய்விடும். ஏறுவதும் காய்வதும் சமமாக இருக்கும்வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. இந்த வீட்டில் அந்தச் சமநிலை இரண்டு பக்கமும் கெட்டிருந்தது.

வெளியே, சேறு வேண்டாம் என்று சுவரை ஒட்டிச் சுற்றிலும் கான்கிரீட் தளம் போட்டிருக்கிறார்கள். முன்பு மண் வழியாகக் காய்ந்த நிலத்து ஈரத்துக்கு இப்போது சுவர்தான் வழி. அந்தத் தளமே பழைய பீடத்தின் விளிம்பைவிட உயரம், அதுவும் வீட்டைப் பார்த்துச் சரிவு. கூரைத் தண்ணீர்க் குழாய் ஒன்று மூலையில் தளத்தின் மேலேயே கொட்டியது. தளத்தில் விழுந்து தெறிக்கும் மழையும் கீழ்ச்சுவரை முழங்கால் உயரத்துக்கு நனைத்தது.

உள்ளே, முதல் முறை உரிந்தபோது “ஈரம் வராமல் இருக்க” என்று சிமென்ட் பூசியிருக்கிறார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான், ஆனால் இந்த வீட்டுக்கு நடந்ததில் இதைவிடப் பெரிய கெடுதல் இல்லை. போர்ட்லண்ட் சிமென்டுக்கு ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824-இல். அது வீடுகளுக்குப் பரவ இன்னும் வெகுகாலம் ஆனது. அதற்கு முந்தைய முறையில் கட்டிய சுவர் மென்மையானது, வெயிலுக்கும் மழைக்கும் லேசாக அசைந்துகொடுக்கும். சிமென்ட் அசையாது, விரிசல் விடும். மயிரிழை விரிசலில் தண்ணீர் எளிதாக உள்ளே போகும், அதே வழியில் வெளியே வராது. சிமென்ட் அடைத்த உயரம் வரை காய வழியில்லாததால் ஓதம் அதையும் தாண்டி மேலே ஏறியது. பட்டியும் எமல்ஷனும் மிச்சமிருந்த வாசலையும் சாத்தின.

உப்புதான் உண்மையான எதிரி

தண்ணீரை நிறுத்திவிட்டால் போதும், பிறகு பெயின்ட் அடிக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். வறண்ட ஊரில் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஈரப்பதம் மிகுந்த இடத்தில் சரிப்படாது. காரணம் உப்பு.

நிலத்து நீர் தன்னோடு உப்பையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த உப்பு சுவரின் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே அடுக்காக இருக்கும். சாதாரணச் சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். கால்சியம் நைட்ரேட்டுக்கு அந்த எல்லை 50 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. அது இருக்கும் சுவர் இந்தக் காற்றில் ஆண்டு முழுவதும் காயவே காயாது.

இந்த வீட்டில் மழை இல்லாத மாதங்களில்கூட இரவில் ஈரப்பதம் எண்பதைத் தாண்டும், நடுப்பகலில் எழுபதுக்குக் கீழே வரும். அப்படியென்றால் சுவருக்குள் உப்பு தினமும் ஒரு முறை கரைந்து, ஒரு முறை படிகமாகிறது. படிகம் வளரும்போது நுண்துளைச் சுவர்களை நெட்டித் தள்ளும். அந்த அழுத்தத்துக்குச் செங்கல்லே பொடியாகும்போது பெயின்ட் எம்மாத்திரம்? மழை நின்று மாதக்கணக்கான பிறகும் சுவர் ஏன் உரிந்துகொண்டே இருந்தது என்பதற்கு விடை இதுதான். தண்ணீர் வருவதை முழுதாக அடைத்தாலும் உப்பு உள்ளே இருக்கும்வரை காற்று அந்தச் சுவரை நனைத்துக்கொண்டே இருக்கும்.

இந்த நிலையில் நீர்விலக்கி சிலிகோன் திரவத்தைச் சுவரில் அடிக்கச் சிலர் யோசனை சொன்னார்கள். உப்பில்லாத சுவருக்கு அது பயன்படலாம். உப்பு உள்ள சுவரில், படிகம் மேற்பரப்பில் வளராமல் சிலிகோன் படலத்துக்குப் பின்னால் வளரும். பிறகு பெயர்ந்து விழுவது செங்கல்லின் முகமாகவே இருக்கும். வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன்.

குளிர்ந்த அறையின் பளபளப்புப் பெயின்ட்

படுக்கையறைச் செதில் மட்டும் வேறு வகை. அதில் உப்பும் இல்லை, மாவும் இல்லை. அந்த அறையில் ஏசி உண்டு. கழுவ வசதியாக இருக்கட்டும் என்று இந்த அறைச் சுவருக்கு மட்டும் எமல்ஷனுக்குப் பதில் எனாமல் அடித்திருந்தார்கள்.

குளிர்நாட்டு வீடுகளில் நீராவி உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கும். வெப்பமண்டலத்தில் ஏசி ஓடும் அறையில் அது தலைகீழ். வெளியே 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறக்குறைய 26 டிகிரி. அறையை 22 டிகிரிக்குக் குளிர்வித்தால் சுவரின் உட்பக்கம் பனிநிலைக்குக் கீழே போய்விடும். வெளியிலிருந்து சுவர் வழியே வரும் நீராவி எனாமலின் முதுகில் முட்டி அங்கேயே நீராகும். கொப்புளத்தை ஊசியால் குத்தியபோது உள்ளிருந்து தண்ணீர் வழிந்தது. இந்த அறைக்குத் தேவைப்பட்டது எளிய மாற்றம்தான்: எனாமலை முழுதாக நீக்கிவிட்டு நீராவியை விடும் மங்கல் பூச்சு, அதோடு ஏசியின் வெப்பநிலையை 26-க்கு உயர்த்துவது.

பூச்சு நீராவியை எவ்வளவு விடும் என்பதற்கு அளவு உண்டு. அந்தப் பூச்சு காட்டும் தடையை, அதே தடை காட்டும் அசையாக் காற்றின் கனமாகச் சொல்வார்கள். ஐரோப்பிய வகைப்பாட்டில் 0.14 மீட்டருக்குக் கீழே இருந்தால் தாராளமாக விடும் வகை, 1.4 மீட்டருக்கு மேலே போனால் அடைக்கும் வகை. சுண்ணாம்பு வெள்ளையும், 1878-இல் அடால்ஃப் வில்ஹெல்ம் கைம் காப்புரிமை பெற்ற சிலிகேட் பெயின்டும் முதல் வகை. எனாமல் அடைக்கும் வகை. எமல்ஷன் ரகத்துக்கு ரகம் மாறும், மினுமினுப்புக் கூடக் கூட அடைப்பும் கூடும். டப்பாவின் முகப்பில் இந்த எண் இருக்காது. தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள், அதில் இல்லை என்றால் பழைய சுவருக்கு அந்த ரகத்தை எடுக்க வேண்டாம்.

வேலை நடந்த விதம்

வீட்டாருக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்த செய்தி ஒன்றுதான்: இந்த ஆண்டு பெயின்ட் கிடையாது. கனமான சுவர் காய்வதற்கு அவகாசம் வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது குளிர்நாட்டுக் கொத்தர்களின் கணக்கு. ஈரக்காற்றில் அதற்கும் மேல் ஆகும். வறண்ட மாதங்கள் முழுவதையும் சுவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று கேட்டோம். அந்த அம்மா யோசித்துவிட்டு, “மூணு தடவை அவசரப்பட்டது போதும், வெறுஞ்சுவராவே இருக்கட்டும்” என்றார். பெயின்டின் தரத்தைவிட அந்தச் சம்மதம்தான் இந்த வீட்டைக் காப்பாற்றியது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் வெளிவேலை. சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குக் கான்கிரீட்டை வெட்டி எடுத்து, பீடத்தின் விளிம்பு தெரியும்வரை தோண்டி, ஜல்லி நிரப்பினோம். மீதித் தளத்தின் சரிவை வெளிப்பக்கம் திருப்பினோம். கூரைக் குழாயை வடிகால் வரை நீட்டினோம். சன்ஷேடின் அடியில் நீர் சொட்ட வேண்டிய வரிப்பள்ளம் பழைய பெயின்டால் அடைபட்டிருந்தது. அதைச் சுரண்டித் திறந்ததும் சன்னலுக்குக் கீழே வழிந்துகொண்டிருந்த பாசித் தடம் அடுத்த மழையிலேயே நின்றுவிட்டது.

அப்புறம் சிமென்ட் பூச்சு. ஓதக் கோட்டுக்கு மேல் அரை மீட்டர் வரை முழுதும் கொத்தி எடுத்தோம். பெரிய சுத்தியல் ஆகாது, மென்மையான செங்கல்லின் முகமும் சேர்ந்து வந்துவிடும். சிற்றுளிதான். உப்பை உலர்ந்த தூரிகையால் மட்டும் பெருக்கினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் வெளியே வந்த உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். பெருக்கிய பொடியைக் கீழே விரித்த தாளில் பிடித்து அகற்றினோம். சுவரடியில் விட்டால் அடுத்த மழையில் அது திரும்ப ஏறும்.

அதன் பிறகு உப்பிழுக்கும் பற்று. களிமண்ணும் ஊறவைத்து அரைத்த காகிதக் கூழும் உப்பில்லாத நல்ல தண்ணீரில் குழைத்து, விரல் கனத்துக்குச் சுவரில் அப்பினோம். பற்றின் நீர் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கும், பற்று காயும்போது உப்புக் கரைசல் அதற்குள் இழுபடும். காய்ந்து விரிசல் விட்டதும் உரித்து எறிந்துவிட்டுப் புதிதாக அப்பினோம். சில சுற்றுகளுக்குப் பிறகு உரித்த பற்றில் வெள்ளை பூப்பது நன்றாகக் குறைந்தது. எல்லா உப்பும் வந்துவிடாது, வரும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

புதுப் பூச்சுக்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, அதோடு செங்கல் தூள். ஈரக்காற்றில் செங்கல் தூள் அவசியம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் கல்லாகிறது, சதசதவென்ற சுவரில் அது மிக மெதுவாக நடக்கும். செங்கல் தூள் இருந்தால் நீரோடு வினைபுரிந்தும் இறுகும். ஒரு தடவைக்கு 10 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் இரண்டு அடுக்காகப் பூசி, வெயில் படாமல் சாக்குத் திரை கட்டி, பல நாள் லேசாக நீர் தெளித்தோம். இந்தக் கீழ்ப்பகுதிப் பூச்சு தன்னைப் பலிகொடுக்கவே பூசியது. மிச்ச உப்பு செங்கல்லை விட்டு இதற்குள் வரட்டும், இது பொடிந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்பது திட்டம்.

உள்ளறை டிஸ்டெம்பருக்கு எந்தக் குறுக்குவழியும் இல்லை. நனைத்து, சுரண்டி, பஞ்சால் துடைத்து, கையில் மாவு ஒட்டாத வரை மறுபடி நனைத்துச் சுரண்டியதுதான். அலமாரிக்குப் பின்னால் இருந்த கறுப்பு, அழுக்கா பூஞ்சையா என்று சந்தேகம். ஒரு துளி பிளீச் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை, அப்படியே இருந்தால் அழுக்கு. வெளுத்தது. உலர்ந்த நிலையில் துடைத்தால் வித்துகள் அறையெங்கும் பறக்கும், ஆகவே சோப்பு நீரால் நனைத்துத் தேய்த்தோம். பிறகு ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவினோம். பிளீச்சை அமிலத்தோடோ அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடோ சேர்க்கவே கூடாது, எழும் வாயு நுரையீரலைக் கெடுக்கும். அலமாரியை நான்கு விரற்கடை முன்னால் தள்ளி வைத்தது பூஞ்சைக்கொல்லி கலந்த எந்தப் பெயின்டையும்விடப் பலன் தந்தது.

சன்னல்களில் பல அடுக்குப் பழைய எனாமல். இவ்வளவு பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். கட்டடத்தின் உட்புறப் பூச்சுகளில் வெள்ளை ஈயத்துக்குத் தடை கோரும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921-இலேயே கொண்டுவந்துவிட்டது. இருந்தும் உலகின் பல இடங்களில் ஈயப் பெயின்ட் வெகுகாலம் விற்பனையில் இருந்தது. ஈயத்தில் இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஓர் அளவே கிடையாது, குழந்தைகளுக்கு அது மூளையைத் தாக்கும் நஞ்சு. உப்புத்தாளை உலர்வாகத் தேய்ப்பதும் தீ காட்டி எரிப்பதும் முழுத் தடை. நனைத்தே தேய்த்தோம், தரையில் தாள் விரித்தோம், வேலை முடியும்வரை பேரக்குழந்தைகள் அந்தப் பக்கம் வரவில்லை, வேலைத் துணிகளைத் தனியே துவைத்தோம். மரத்தின் வெட்டுமுனைகளில்தான் தண்ணீர் அதிகம் ஏறும், கதவின் அடிவிளிம்பையும் விடாமல் பிரைமர் பூசினோம். கம்பிகளைப் பொறுத்தவரை ஒரே விதி: துரு சுரண்டிய அன்றே பிரைமர். இந்தக் காற்றில் ஓர் இரவு விட்டால் காலையில் செம்மை படர்ந்திருக்கும்.

எந்த நேரத்தில் பூசுவது

டப்பாவில் போட்டிருக்கும் உலரும் நேரம் பெரும்பாலும் மிதமான வெப்பத்திலும் 50 சதவீத ஈரப்பதத்திலும் அளந்தது. அந்த நேரத்தை இரண்டு மடங்காக எடுத்துக்கொண்டோம். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூசவில்லை. சுவரின் வெப்பநிலை பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். நடைமுறையில் காலை பத்து மணிக்கு முன்னால் தொடங்க முடியவில்லை, மாலை மூன்றரைக்கு மேல் வெளிச்சுவரில் கை வைக்கவில்லை. அதற்குள்ளும் நேர் வெயில் படும் சுவரை விட்டு, நிழல் போகும் பக்கமாகவே போனோம்.

மாலையில் பூசிய எமல்ஷனில் இரவுப் பனி இறங்கினால் மறுநாள் பிசுபிசுப்பாகப் பழுப்புக் கோடுகள் வழிந்திருக்கும். பெயின்டிலுள்ள சோப்புத்தன்மைப் பொருள்கள் வெளியே கசிவதுதான் அது. பின்பாதியில் ஒரு சுவரில் இது வந்தது. பயந்து மேலே இன்னொரு கோட் அடிக்கக் கிளம்பினார்கள். சுத்தமான தண்ணீரால் கழுவியதும் போய்விட்டது.

முன்பாதியின் கீழ்ச்சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளைதான். நீர்க்கக் கரைத்து, சுவரை முன்கூட்டி நனைத்து, ஐந்து கோட். பூசும்போது அடிச்சுவர் அப்படியே தெரியும். பெயின்டர் தம்பி முதல் நாள் “இது ஒண்ணுமே ஏறலையேண்ணே” என்று என்னிடம் வருத்தப்பட்டார். மறுநாள் காய்ந்து வெளுத்ததைப் பார்த்த பிறகு அவரே கெட்டியாகக் கரைப்பவர்களைத் தடுக்க ஆரம்பித்தார். கெட்டியாகப் பூசினால் பொடிந்து உதிரும். நிறம் வேண்டுமென்றால் காவி, மஞ்சள் மண் போன்ற இரும்பு ஆக்சைடு நிறமிகள்தான், மற்ற பலவற்றைச் சுண்ணாம்பின் காரம் வெளிற வைத்துவிடும். உள்ளறை மேல்சுவருக்குக் காரம் தாங்கும் பிரைமரும் மங்கல் எமல்ஷனும். பின்பாதிக்கு வழக்கமான எமல்ஷனே போதுமானது.

இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

உள்ளறைகளில் எங்கும் உரியவில்லை. படுக்கையறையில் கொப்புளம் இல்லை. கீழ்ச்சுவரின் பெரும்பகுதி நன்றாக இருக்கிறது. குழாய் கொட்டிய பழைய மூலையில் மட்டும் வெள்ளை பூத்து, ஒரு முழ அகலத்துக்குப் பூச்சு பொடிந்தது. வீட்டார் கவலையோடு கூப்பிட்டார்கள். பொடிந்த இடத்தைச் சுரண்டிப் பார்த்தால் பின்னாலிருந்த செங்கல் கெட்டியாக, முகம் சிதையாமல் இருந்தது. பலிப்பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, அதே கலவையில் மறுபடி பூசி, வெள்ளை அடித்தாயிற்று.

சரிவராத இடம் ஒன்று பாக்கி: குளியலறையை ஒட்டிய பழைய சுவர். அதில் ஈரமானியின் அளவு மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல் ஒரே மாதிரி உயர்ந்தே நிற்கிறது. நிலத்து ஓதமாக இருந்தால் பருவத்தோடு ஏறி இறங்கும், மாறாத ஈரம் பெரும்பாலும் குழாய்க் கசிவு. ஓடுகளைப் பெயர்த்துக் குழாயைச் சோதிக்கும் வேலை அடுத்த வறண்ட பருவத்துக்கு வைத்திருக்கிறது. அதுவரை அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளை தவிர எதுவும் அடிப்பதில்லை என்று பேச்சு.